சிறுபதிப்பும் நேர்த்தியும்: தமிழ்ப் பதிப்புலகில் தீராத ஒரு விவாதம்

பெருமுதலீடோ நிலையான விற்பனை அமைப்போ இல்லாத ஒரு தனிமனிதரோ சிறு குழுவோ நூல் வெளியிடும்போது, அந்த நூலின் மெய்ப்பிலும் கட்டுமானத்திலும் கணக்குவழக்கிலும் எத்தகைய நேர்த்தியை வாசகரும் எழுத்தாளரும் எதிர்பார்க்கலாம் என்ற கேள்வி, தமிழில் நவீன இலக்கியத்தின் வயதை ஒட்டிய பழைமை உடையது. சிறுபதிப்பாளர் பொருளிழப்பை ஏற்று நூல் கொண்டுவருவதால் அவரிடம் குறை காண்பது முறையன்று என்று ஒரு சாரார் கூறிவந்துள்ளனர். விலை கொடுத்து வாங்கப்படும் எந்தப் பொருளுக்கும் குறைந்தபட்சத் தரம் ஒன்று உண்டென்றும், ஆர்வம் அதற்கு ஈடாகாதென்றும் மற்றொரு சாரார் வாதிட்டுள்ளனர். இவ்விரண்டுக்கும் இடையில் சந்தை, நூலகக் கொள்முதல், அச்சுத் தொழில்நுட்பம் ஆகியவற்றை முன்னிறுத்தும் விடைகளும் உள்ளன. இக்கட்டுரை அவ்விடைகளின் தோற்றத்தையும் வலுவையும் போதாமையையும் தொகுத்து நோக்க முற்படுகிறது.

விவாதத்துக்கு அடிப்படையான ஊர்களுள் ஒன்று சென்னைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் அமைந்த கெங்குவார்பட்டியிலிருந்து கிழக்கே சில கல் தொலைவில் உள்ள வத்தலக்குண்டு, ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய பி.ஆர். ராஜமையர், ‘மணிக்கொடி’யைச் சிறுகதை ஏடாக நடத்திய பி.எஸ். ராமையா, ‘எழுத்து’ ஏட்டின் ஆசிரியர் சி.சு. செல்லப்பா ஆகிய மூவரோடும் தொடர்புடையது. செல்லப்பாவின் பெயரில் முதலெழுத்தாக நிற்பது கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூர். தமிழ்ச் சிறுபதிப்பின் அறம் என்று இன்றும் சுட்டப்படும் நிலைப்பாட்டைத் தம் வாழ்நாள் முழுவதும் நடத்திக் காட்டியவர் செல்லப்பா என்பதால், இந்தக் கேள்வியை இவ்வட்டாரத்திலிருந்து நோக்குவதற்கு நியாயம் உண்டு.

சொற்களின் எல்லை

‘தொழில்நேர்த்தி’ என்ற ஒரே சொல்லால் வெவ்வேறான இரண்டு பொருள்கள் குறிக்கப்படுவதே விவாதம் குழம்புவதற்கு முதற் காரணமாகத் தோன்றுகிறது. நூலை நூலாக ஆக்கும் வேலையின் நேர்த்தி ஒன்று. மூலப்படியைச் செம்மைப்படுத்துதல், மெய்ப்புத் திருத்துதல், எழுத்துருவும் பக்க அமைப்பும் தெரிவுசெய்தல், தாள், கட்டு, அட்டை ஆகியவை இதில் அடங்கும். நூலைச் சுற்றிய நடத்தையின் நேர்த்தி மற்றொன்று. ஒப்பந்தம், ராயல்டி என்று பெரும்பாலும் வழங்கும் உரிமைத்தொகை, சொன்ன காலத்தில் வெளியிடுதல், தீர்ந்த நூலை மறுபதிப்புச் செய்தல் ஆகியவை இதன் பாற்பட்டவை. நூலாக்கத்தில் மிகக் கவனமாக இருந்து கணக்கில் தளர்ந்த பதிப்பகங்களும், கணக்கில் துல்லியமாக இருந்து நூலாக்கத்தை அவசரத்தில் முடிப்பவையும் இருக்க முடியும். ‘தரம்’ என்ற சொல்லோ இவ்விரண்டையும் தாண்டி, எழுதப்பட்ட படைப்பின் மதிப்பையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. ‘தரமான பதிப்பகம்’ என்று ஒருவர் சொல்லும்போது நல்ல எழுத்தாளர்களை வெளியிடும் பதிப்பகம் என்று பொருள்கொள்வதே தமிழ்ச் சூழலில் வழக்கமாக இருக்கிறது. இந்தப் பொருள் மயக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

பதிப்பாசிரியர் மரபு

அச்சகம் நடத்த இந்தியர்களுக்கு இருந்த தடைகள் 1835இல் நீங்கியதைத் தொடர்ந்து தோன்றிய தமிழ்ப் பதிப்பு முயற்சிகளில் தரம் என்பது பாடத்தின் துல்லியத்தையே குறித்தது. 1849இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலரின் பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றன. 1887இல் ‘சீவக சிந்தாமணி’யை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர், சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்து, முகவுரையும் அகராதியும் சேர்த்து நூலைக் கொண்டுவந்ததோடு, அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே கையொப்பக்காரர்களைத் திரட்டவும் வேண்டியிருந்தது. இன்றைய முன்வெளியீட்டுத் திட்டங்களுக்கு மூதாதையான இந்த ஏற்பாட்டில், பதிப்பாசிரியரே புரவலரைத் தேடுபவராகவும் மெய்ப்பாளராகவும் விற்பனையாளராகவும் இருந்தார். வேலைப் பிரிவினை இல்லாமலே உயர்ந்த நேர்த்தி எட்டப்பட்டது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. அதற்கு விலையாக ஒரு மனிதரின் பல்லாண்டுக் கால உழைப்பு செலவாயிற்று என்பதும் அதே அளவுக்குக் கவனிக்கத்தக்கது.

படைப்பிலக்கியத்தில் நிலைமை வேறாக இருந்தது. தம் நூல்களில் சிலவற்றைத் தாமே வெளியிட நேர்ந்த பாரதியார், 1920இல் தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிட்டுப் பரப்பும் திட்டம் ஒன்றை வகுத்து, அதற்கான முதலைக் கடனாகக் கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். அன்றாடப் பொருள்கள் விற்பதுபோல் நூல்களும் விற்க வேண்டும் என்ற அந்தக் கனவில் வணிக ஒழுங்கும் இலக்கியமும் பகையாக எண்ணப்படவில்லை. திட்டம் நிறைவேறாமல் அவர் 1921இல் மறைந்தார். வணிகத்தை ஐயத்தோடு நோக்கும் மனநிலை, இதழியல் பெருந்தொழிலாக வளர்ந்த பின்னரே வலுப்பெற்றதாகத் தெரிகிறது.

அர்ப்பணிப்பே அளவுகோல் என்னும் நிலைப்பாடு

1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்த ‘எழுத்து’, இந்த மனநிலைக்குத் திட்டவட்டமான வடிவம் தந்தது. பெரும்விற்பனை இதழ்கள் வாசகரின் சுவையைத் தாழ்த்துகின்றன என்றும், விற்பனையைக் கருதாத சிறு ஏடே புதிய முயற்சிகளுக்கு இடமளிக்க முடியும் என்றும் செல்லப்பா கருதினார். புதுக்கவிதையின் முதல் தொகுப்பாகிய ‘புதுக்குரல்கள்’ 1962இல் எழுத்து பிரசுரமாகவே வந்தது. நூல்கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று அவர் விற்றது தமிழ் இலக்கிய வரலாற்றில் பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. மூன்று பாகங்கள் கொண்ட ‘சுதந்திர தாகம்’ நாவலை 1997இல், எண்பத்தைந்தை எட்டிய வயதில், சொந்த முயற்சியில் வெளியிட்டு மறு ஆண்டே அவர் மறைந்தார். அந்நாவலுக்கு 2001ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சிகை அலங்கரிப்புத் தொழிலிலிருந்து வந்து 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்திய டொமினிக் ஜீவாவும், ஏட்டை நேரில் கொண்டுசென்று வாசகர் கையில் கொடுத்தவர் என்ற வகையில், இந்த மரபில் வைத்துப் பேசத்தக்கவர்.

இந்த நிலைப்பாட்டின் வலு எளிதில் மறுக்க முடியாதது. ‘எழுத்து’ இல்லாமல் தமிழ்ப் புதுக்கவிதைக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் இன்றுள்ள வடிவம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அதைத் தொழில்முறைப் பதிப்பகம் ஒன்று செய்திருக்கும் என்று நம்புவதற்கும் ஆதாரம் இல்லை. ஆயினும் இதற்குள் இரண்டு போதாமைகள் உள்ளன. ஈகத்தின் அளவே தரத்தின் அளவாக மாறும்போது, நூலின் பிழைகளைச் சுட்டுவது பதிப்பாளரின் உழைப்பை இழிவுபடுத்துவதாகக் கொள்ளப்படுகிறது. அதனால் மெய்ப்பு, பக்க அமைப்பு, பொருளடைவு போன்றவை பேசப்படாமலே போகின்றன. அடுத்தது, மனிதரோடு பதிப்பும் முடிந்துவிடுகிறது. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இந்த இரண்டாவது போதாமைக்குச் சரியான சான்று. ஏறுதழுவும் களத்தை நுணுக்கமாக எழுதிக்காட்டிய அந்தக் குறுநாவல், 2000க்குப் பின் காலச்சுவடு பதிப்பாக மீண்டும் மீண்டும் அச்சாகி, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டுப் பரந்த வாசகரைச் சென்றடைந்தது. அர்ப்பணிப்பு உருவாக்கிய படைப்பை ஒழுங்கமைந்த ஒரு பதிப்பகமே தொடர்ந்து புழக்கத்தில் வைத்திருக்கிறது.

கைவினை நிலைப்பாடு

நல்ல படைப்பு நல்ல நூலாகவும் இருக்க வேண்டும் என்ற வாதம் 1960களின் நடுப்பகுதியில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டத்தில் தெளிவாகத் தொடங்குகிறது. உறுப்பினர்களாகச் சேர்ந்த வாசகரின் முன்பணத்தை நம்பி இயங்கிய அவ்வமைப்பு, தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’, லா.ச. ராமாமிர்தத்தின் ‘புத்ர’, சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ முதலிய நூல்களை அன்றைய வழக்கத்துக்கு மீறிய அச்சுத் தூய்மையோடு வெளியிட்டது. நீண்ட காலம் அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

1974இல் சென்னையில் ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா இந்த வாதத்தை ஒரு நடைமுறையாகவே ஆக்கியது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981), இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994), வெ. ஸ்ரீராமின் பிரெஞ்சு மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றை வெளியிட்ட இப்பதிப்பகம், எழுத்தாளரோடு அமர்ந்து மூலப்படியைச் செம்மையாக்குவதைப் பதிப்பின் தவிர்க்க முடியாத கட்டமாக வைத்துக்கொண்டது. எழுதப்பட்ட தற்காலத் தமிழின் சான்றுகளைத் தொகுத்து அவர்கள் உருவாக்கிய ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யும் (1992, 2008, 2020) ஒரு வகையில் இந்தச் செம்மையாக்கத் தேவையிலிருந்து கிளைத்ததே எனலாம். எந்தச் சொல்லைச் சேர்த்து எழுதுவது, எதைப் பிரிப்பது, எந்த வடிவத்தை ஏற்பது என்ற அன்றாட ஐயங்களுக்குப் பொதுவான ஒரு துணை அதுவரை இருக்கவில்லை.

செம்மையாக்கம் என்ற வேலையை வெளியில் இருப்பவர் பெரும்பாலும் எழுத்துப்பிழை திருத்துவதாகவே புரிந்துகொள்கின்றனர். நடைமுறையில் ஒரே நாவலின் 12ஆம் பக்கத்தில் ‘கறுப்பு’ என்றும் 140ஆம் பக்கத்தில் ‘கருப்பு’ என்றும் வருவதை ஒன்றாக்குவது அதன் மேற்பரப்பு மட்டுமே. ‘சுவற்றில்’ என்பதைச் ‘சுவரில்’ என்று மாற்றுவதும், ‘எண்ணை’யை ‘எண்ணெய்’ ஆக்குவதும் மெய்ப்பாளரின் வேலை. ஒரு பாத்திரம் சித்திரையில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்து அடுத்த தை மாதத்தில் பிள்ளை பெறுவதைக் கண்டுபிடிப்பதும், ஒரே செய்தி இரண்டு இயல்களில் திரும்ப வருவதைச் சுட்டுவதும், ஒரு பத்தி எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதை எழுத்தாளரிடம் எடுத்துச்சொல்வதும் செம்மையாக்குநரின் வேலை. இந்த இரண்டாவது வேலையைச் செய்பவருக்குத் தமிழ்ப் பதிப்புலகில் நிலையான பதவியோ பெயரோ பெரும்பாலும் இல்லை. நூலின் உரிமைப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவரின் பெயர் இருக்கும், அச்சிட்டவரின் பெயர் இருக்கும், செம்மையாக்கியவர் பெயர் அரிதாகவே இருக்கும்.

கைவினை நிலைப்பாட்டின் மீதான கண்டனங்களுள் மிக முக்கியமானது வட்டாரமொழி சார்ந்தது. மதுரை, தேனிப் பக்கத்து எழுத்தாளர் ‘கம்மாய்’ என்று எழுதினால் அதைக் ‘கண்மாய்’ என்று மாற்றுவதா, ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்பவற்றை உரையாடலில் மட்டும் விட்டுவைத்துக் கதைசொல்லியின் கூற்றில் நீக்குவதா என்பவை இலக்கணத்தால் மட்டும் தீர்க்கக்கூடியவை அல்ல. ம. காமுத்துரை, தேனி சீருடையான் போன்றோர் எழுதும் இவ்வட்டாரக் கதைகளில் மொழியே பாதி நிலமாக இருப்பதால், நகரத்துச் செம்மையாக்குநரின் கை சற்று அதிகமாகப் பட்டாலும் இழப்பு பெரிது. எனினும் இந்தக் கண்டனம் மோசமான செம்மையாக்கத்துக்கு எதிரானதே அன்றிச் செம்மையாக்கத்துக்கே எதிரானதன்று என்று கொள்வது பொருத்தமாகலாம். ‘கம்மாய்’ என்பதைக் காப்பாற்றத் தெரிந்த ஒருவர் அந்த இருக்கையில் அமர்வதே தேவை. மற்றொரு கண்டனம் நேரடியானது. இப்படி உருவாகும் நூல்கள் எண்ணிக்கையில் குறைவு, விலையில் கூடுதல், காத்திருப்பு நீளம்.

சென்னைக்கு வெளியே இருந்தும் இந்த நேர்த்தி கைகூடும் என்பதற்குச் சிவகங்கையில் கவிஞர் மீரா நடத்திய அன்னம் பதிப்பகம் நல்ல சான்று. கல்லூரிப் பேராசிரியராக இருந்துகொண்டு அவர் கொண்டுவந்த கவிதை, கரிசல் இலக்கிய நூல்கள், ஊர் சிறியதாக இருப்பது நூல் சிறுமைப்படக் காரணம் ஆகாது என்பதைக் காட்டின. கோவையின் விடியல், திருவண்ணாமலையின் வம்சி, பொள்ளாச்சியின் எதிர் வெளியீடு ஆகியவையும் இந்த வரிசையில் வருபவை.

நூலகமும் சந்தையும்

தரம் என்பது தனிமனிதரின் மனப்போக்கைவிடப் பணம் வரும் வழியைப் பொறுத்தது என்பது மூன்றாவது விளக்கம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாகச் சொத்துவரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியிலிருந்து அரசு நூல்களை வாங்குகிறது. ‘லைப்ரரி ஆர்டர்’ என்று பதிப்பாளர் வழக்கில் அறியப்படும் இக்கொள்முதல், பல சிறுபதிப்பகங்களின் உயிர்நாடியாக இருந்துள்ளது. இதில் நூலுக்கான விலை, பதினாறு பக்கம் கொண்ட ‘பாரம்’ என்ற அச்சு அலகின் அடிப்படையில் கணக்கிடப்பட்டு வந்தது. பாரத்தின் எண்ணிக்கைக்குப் பணம் கிடைத்தது, பாரத்துக்குள் இருக்கும் உழைப்புக்குக் கிடைக்கவில்லை. ஆறு மாதம் செம்மையாக்கப்பட்ட பத்துப் பாரமும் ஆறு நாளில் கோக்கப்பட்ட பத்துப் பாரமும் ஒரே விலை பெறும் அமைப்பில், முந்தையதைத் தெரிவுசெய்தவர் தம் கைப்பொருளை இழந்தார். கொள்முதல் சில ஆண்டுகள் தடைபடும்போது சிறியவர்களே முதலில் வீழ்கின்றனர். இதற்கு மறுபக்கமும் உண்டு. கெங்குவார்பட்டி போன்ற பேரூராட்சிகளில் கிளை நூலகம் இலக்கிய நூலைத் தொடக்கூடிய அரிய இடமாக இருப்பதால், இந்தக் கொள்முதலைக் குறை கூறுவோரும் அதை ஒழிக்கச் சொல்வதில்லை.

சந்தையை முன்னிறுத்துவோர் 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியைப் பெரிய மாற்றமாகக் கருதுகின்றனர். வாசகரை நேரில் சந்திக்க வழி திறந்ததால் அரசுக் கொள்முதலைச் சாராத விற்பனை சாத்தியமாயிற்று. 1990களின் நடுவிலிருந்து காலச்சுவடும், அடுத்த பத்தாண்டில் உயிர்மை, கிழக்கு ஆகிய பதிப்பகங்களும் சீரான அட்டவணை, அடையாளம் தெரியும் அட்டை, நாடெங்கும் விநியோகம் ஆகியவற்றை நடைமுறைப்படுத்தின. 2004இல் தொடங்கிய கிழக்கு, பதிப்பைத் திட்டமிட்ட நிறுவனமாக நடத்த முடியும் என்பதைக் காட்டியது. ஆயினும் ஜனவரிக் காட்சியைக் குறிவைத்து ஆண்டின் நூல்கள் அனைத்தும் நவம்பர், டிசம்பரில் அச்சகத்துக்குள் நெருக்கியடித்து நுழையும் பழக்கமும் இதனோடு வந்தது. மெய்ப்பு ஒரே முறை பார்க்கப்பட்டு வெளிவரும் நூல்களில் கணிசமானவை இந்த இரண்டு மாதங்களின் பிள்ளைகள். அண்மை ஆண்டுகளில் மாவட்டந்தோறும் நடைபெறும் புத்தகத் திருவிழாக்கள் இந்த நெரிசலை ஆண்டு முழுவதும் பரப்பினால் அது தரத்துக்கு உதவக்கூடும். அப்படி நிகழ்வதாக இப்போதைக்கு உறுதியாகச் சொல்வதற்கில்லை.

கருவி மாறியபோது

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பாளரே முதல் வாசகராகவும் பல நேரங்களில் முதல் திருத்துநராகவும் இருந்தார். கணினிக் கோப்பு வந்தபோது அந்தக் கண் நீங்கியது. யூனிகோடு பரவலாகும் முன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறிமுறையைக் கொண்டிருந்ததால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பு ஒரு வரியின் இறுதியிலும் அதற்குரிய மெய் அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்பதும், துணைக்காலுக்கும் ‘ர’ என்ற எழுத்துக்கும் வேறுபாடு அழிவதும் நேர்ந்தன. பழைய நூலை ஒளிவருடி மின்படியாக்கி மறுபதிப்புச் செய்யும்போது இத்தகைய பிழைகள் இன்றும் புகுகின்றன. முதற்பதிப்பில் இல்லாத பிழை மூன்றாம் பதிப்பில் இருக்கும் விந்தைக்கு இதுவே காரணம். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைப் பலரும் ஒரே வேளையில் வெளியிடும்போது, முன்னவர் படியின் பிழையைப் பின்னவரும் சுமப்பது இயல்பாகிவிட்டது. இதற்கு மறுமுனையில், பாரதி படைப்புகளைக் காலவரிசைப்படுத்திப் பல தொகுதிகளாகச் சொந்த முயற்சியில் வெளியிட்ட சீனி. விசுவநாதனின் உழைப்பு இருக்கிறது. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி 2000இல் உருவாக்கிய செம்பதிப்பும் இத்தகையதே. சாமிநாதையரின் ஒழுக்கம் நவீன இலக்கியத்துக்கும் தேவை என்பதை இவ்விரு முயற்சிகளும் நிறுவின.

தேவைக்கேற்ப ஐம்பது, நூறு படிகள் மட்டும் அச்சிடும் முறை, அதாவது பதிப்பாளர் பேச்சில் ‘பிஓடி’, நுழைவாயிலை மிகவும் அகலப்படுத்தியது. ஆயிரம் படிகளை வீட்டில் அடுக்கிவைக்கும் சுமை நீங்கியதால் எவரும் பதிப்பாளராகலாம். சுமை நீங்கியதோடு, ஆயிரம் படிகள் வீணாகிவிடுமே என்ற அச்சம் தந்த கவனமும் நீங்கியது என்பது சிலர் கருத்து. எழுத்தாளரிடமே பணம் பெற்று நூல் வெளியிடும் வழக்கமும் பெருகியுள்ளது. அங்கே பதிப்பாளரின் வாடிக்கையாளர் எழுத்தாளராகிவிடுவதால், வாசகரின் சார்பில் நூலைப் பார்ப்பதற்கு எவரும் இல்லாமல் போகிறது.

வேறொரு துறையின் சான்று

இதே விவாதம் தமிழுலகுக்குத் தொடர்பற்ற மேலைநாட்டுத் துறை ஒன்றிலும் ஏறக்குறைய இதே சொற்களில் நடந்திருப்பது ஒப்புநோக்கத்தக்கது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதைச்சூழலை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, ஐயமான இடத்தில் பகடை உருட்டி முடிவு காணும் கதைவிளையாட்டுக்கு அடிப்படை ஒரு விதிநூல். இவ்வகையின் முதல் வணிகப் பதிப்பாகிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, க்ரியா தொடங்கிய அதே 1974இல், ஆயிரம் பெட்டிகள் மட்டும், வீட்டில் கையால் அடுக்கிக் கட்டப்பட்டு வெளிவந்தது. அதன் விதிகள் தெளிவற்றவை என்று குறைகூறப்பட்டபோதிலும் ஒரு துறையே அதிலிருந்து பிறந்தது. பின்னர் பெருநிறுவனமாக வளர்ந்த அதன் வெளியீட்டாளர் டிஎஸ்ஆர், கடன்பட்டு 1997இல் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2000இல் அவ்விதிகளைப் பிறரும் பயன்படுத்தப் பொது உரிமம் வழங்கப்பட்டபோது துணைநூல்கள் வெள்ளமெனக் குவிந்து, அவற்றுள் பல தரக்குறைவால் தேங்கின. அதே காலத்தில் ரான் எட்வர்ட்ஸ் போன்றோர், நூலின் உரிமை அதை உருவாக்கியவரிடமே இருப்பதுதான் தற்சார்பின் இலக்கணம் என்று வரையறுத்தனர். எழுத்து பிரசுரத்தின் கொள்கையிலிருந்து இது வெகு தொலைவில் இல்லை.

விதிநூலில் ஓர் அட்டவணை விடுபட்டால் அன்று மாலை விளையாட்டு நின்றுவிடும். பிழை உடனே பிடிபடுகிறது, பிழையின் விலை உடனே தெரிகிறது. சமையல், மருத்துவம், அகராதி, சட்டம் போன்ற பயன்பாட்டு நூல்களின் நிலையும் அதுவே. இலக்கிய நூலிலோ வாசகர் பிழையைத் தாமே மனத்தில் திருத்திக்கொண்டு மேலே செல்கிறார். தமிழ்ச் சிறுபதிப்பு பெரும்பாலும் இலக்கியம் சார்ந்ததாக இருப்பதால், வாசகரின் இந்தப் பொறுமை பதிப்பாளரின் கவனக்குறைவுக்கு நீண்ட காலம் இடங்கொடுத்திருக்கலாம்.

கணக்கும் தரமே

உரிமைத்தொகை, ஒப்பந்தம் ஆகியவற்றை இலக்கியத் தரத்தோடு சேர்த்துப் பேசுவது சிறுமை என்ற எண்ணம் மெல்ல மாறிவருகிறது. எத்தனை படிகள் அச்சாயின, எத்தனை விற்றன என்பதை எழுத்தாளர் அறிய வழியில்லாத நிலையில், அடுத்த நூலுக்கு அவர் செலவிடக்கூடிய காலமும் குறைகிறது. அது நேரடியாகவே தரத்தைப் பாதிக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட பிற பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். சிறுபதிப்பாளர் பலர் இதைச் செய்யாமல் விடுவதால், ஐம்பது படிகளில் முடிந்துபோகும் நூல் எந்த ஆவணத்திலும் இல்லாமல் மறையும் வாய்ப்பு மிகுதி.

பணத்தின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 200 பக்கம், விலை 250 ரூபாய், 300 படிகள் என்று கொண்டால், எல்லாம் விற்றாலும் மொத்தத் தொகை 75,000 ரூபாய். விற்பனையாளர் கழிவு 35 விழுக்காடு போக 48,750. எழுத்தாளருக்கு விலையில் 10 விழுக்காடாக 7,500 கொடுத்து, படிக்கு 80 ரூபாய் வீதம் அச்சுக்கூலி 24,000 கழித்தால் எஞ்சுவது 17,250. நாளுக்குப் பத்துப் பக்கம் வீதம் செம்மையாக்கம் இருபது நாள் எடுக்கும். அட்டை, பக்க அமைப்பு, லாரிக் கூலி, பதிப்பாளரின் சொந்த உழைப்பு எதற்கும் எதுவும் கொடுக்காமல் மீதம் முழுவதையும் செம்மையாக்குநருக்கே தந்தாலும் அவருக்கு நாளொன்றுக்கு 860 ரூபாய் அளவில்தான் கிடைக்கும். அர்ப்பணிப்பு மரபு ஏன் இன்றும் தொடர்கிறது என்பதற்கும், கைவினை மரபு ஏன் பரவவில்லை என்பதற்கும் இந்தக் கணக்கே பெரும்பகுதி விடையாக அமைகிறது.

தீராமல் நிற்பவை

மேற்கண்ட நிலைப்பாடுகளுள் எதையும் முற்றாகத் தள்ள இயலாது. அர்ப்பணிப்பு இல்லாமல் புதியது தோன்றியதற்குச் சான்று குறைவு, கைவினை இல்லாமல் அது நிலைத்ததற்கும் சான்று குறைவு. தொழில்நேர்த்தி வணிகமயத்துக்கே இட்டுச்செல்லும் என்ற பழைய அச்சம் க்ரியா, அன்னம் ஆகியவற்றின் வரலாற்றால் பெரிதும் வலுவிழந்துள்ளது என்று கூறலாம். பெருகும் அச்சு வசதி தானாகவே தரத்தை உயர்த்தும் என்ற நம்பிக்கைக்கும் போதிய ஆதாரம் இல்லை. செம்மையாக்கத்தைப் பல சிறுபதிப்பகங்கள் கூடிப் பொதுவில் ஏற்பாடு செய்வது, நூலகக் கொள்முதலில் செம்மையாக்குநர் பெயருள்ள நூலுக்குத் தனி மதிப்பு அளிப்பது, பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் பதிப்புப் பயிற்சியை ஒரு தாளாகவேனும் வைப்பது போன்றவை வழிகளாக எண்ணிப்பார்க்கத்தக்கவை. இவற்றுள் எது சிறுபதிப்பின் தற்சார்பைக் குலைக்காமல் நிலைக்கும் என்பது செய்துபார்த்தே தெரிய வேண்டியது.

வட்டார வேறுபாடும் இன்னும் ஆராயப்படாமல் இருக்கிறது. செல்லப்பாவின் காலத்தில் வத்தலக்குண்டிலிருந்து எழுத வந்தவர் சென்னைக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. இன்று கெங்குவார்பட்டியில் இருந்துகொண்டே ஒருவர் தம் மூலப்படியைச் சிவகாசிக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பி நூலாக்கிக்கொள்ளலாம். அச்சகம் அவருக்கு அருகில் வந்துவிட்டது. ‘கம்மாய்’ என்ற சொல்லை விட்டுவைத்துச் ‘சுவற்றில்’ என்பதை மட்டும் திருத்தக்கூடிய, அந்தப் பக்கத்துப் பேச்சும் தெரிந்த, பொதுத் தமிழும் தெரிந்த ஒரு செம்மையாக்குநர் அவருக்கு எங்கே கிடைப்பார், அவருடைய இருபது நாள் கூலியை யார் கொடுப்பார் என்பவற்றுக்கு இந்த விவாதத்தின் எந்தத் தரப்பும் இதுவரை விடை தரவில்லை.